வழிகாட்டியின் கடை

கடைவீதிக்கு வரும் ஜனங்களுக்கு வழி காட்டுவதற்காக ஒருவன் ஊர் எல்லையில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷங்களாக அவன் காட்டும் வழியிலேயே யாவரும் சென்று பழகிவிட்டனர். ஒரு நாள் அவன் அவ்வெல்லையிலேயே தானும் ஒரு கடை திறக்கிறான். வீதியிலுள்ள வியாபாரிகளின் சரக்கையே விலையின்றி எடுத்து வந்து, வருவோருக்கு அங்கேயே கொடுத்து அனுப்பிவிடுகிறான். வியாபாரி முறையிட்டால், “சரக்கைத் தர இஷ்டமில்லையேல், உன் கடையில் என்ன கிடைக்கும் என்று இனி எவருக்கும் சொல்லமாட்டேன்” என்கிறான். இணையதளங்களை நடத்துவோருக்கும் கூகிள் என்னும் தேடுபொறிக் கம்பெனிக்கும் இடையே நேர்ந்திருப்பது ஏறக்குறைய இதுவே.

இக்கம்பெனி 1998-ம் வருஷத்தில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவரால் ஸ்தாபிக்கப்பட்டது. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டுவனவற்றின் மதிப்பு யாது என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவதே அவர்கள் கண்ட முறை. விளம்பரப் பணத்தில் நடைபெறும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரக்காரர் பக்கம் சாயும் என்று அவ்வருஷத்திய தங்கள் கட்டுரையில் அவர்களே எழுதினர். விளம்பரத்தையே ஜீவனமாகக் கொண்ட பின்னர் அவ்வெச்சரிக்கை அவர்களுக்கு நினைவில் நின்றதாகத் தெரியவில்லை.

தளக்காரருக்கும் தேடுபொறிக்கும் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. “உன் பக்கங்களை நான் படித்துக்கொள்கிறேன், பதிலுக்கு வாசகரை உன்னிடம் அனுப்புகிறேன்” என்பதே அது. அதனால் இரு திறத்தாரும் பிரயோஜனம் அடைந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தைத் திருத்தும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டுமே இருந்தது.

2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றமும், 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றமும் வந்தன. பிறர் எழுத்தை நகல் எடுத்துப் பக்கம் நிரப்பியோரையும், காசு கொடுத்துச் சுட்டிகள் வாங்கியோரையும் கீழே தள்ளுவதே அவற்றின் நோக்கம் எனப்பட்டது. குப்பையைக் கூட்டியது குற்றமன்று. ஆயினும் குப்பையோடு நெல்லும் போயிற்றென்றால் கேட்பதற்கு ஒரு சபை வேண்டாமா? 2022 ஆகஸ்டில் பயனுள்ள எழுத்துக்கு முதன்மை தருவதாகக் கூறி வேறொரு மாற்றம் வந்தது. 2024 மார்ச்சில் அது தேடலின் மூல முறையோடு கலக்கப்பட்டது. தாமே ஆராய்ந்து எழுதிவந்த சிறு தளக்காரர் பலர், வாசகரில் பெரும் பகுதியை இழந்ததாக முறையிட்டனர். தம் குற்றம் இன்னதென்று அறியவும் அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

நியாயம் கேட்கப் புறப்பட்டவர் கதி என்ன? பிரிட்டனில் ஆடம் ராப், ஷிவான் ராப் என்ற தம்பதிகள், பல கடைகளின் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் பவுண்டெம் என்ற தளத்தை 2006-ல் தொடங்கினர். சில நாட்களுக்குள் கூகிள் பட்டியலில் அது காணாமற்போயிற்று. 2009-ல் ஐரோப்பியக் கமிஷனிடம் முறையிட்டனர். தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே தூக்கிப் பிறரைக் கீழே அமிழ்த்தியது குற்றமென்று 2017 ஜூனில் கமிஷன் தீர்மானித்து, 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. உச்ச நியாயஸ்தலம் அதனை உறுதி செய்தது 2024 செப்டம்பரில். பவுண்டெமோ 2016-லேயே மூடப்பட்டுவிட்டது! அபராதம் வசூலாகலாம், மூடிய கடையை எந்தத் தீர்ப்பு திறக்கும்?

நம் நாடும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் கம்பெனியும், ஜெய்ப்பூர் நுகர்வோர் சங்கம் ஒன்றும் 2012-ல் செய்த முறையீடுகளின் மேல், இந்தியப் போட்டிக் கமிஷன் 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. செய்தித் தளங்களை நடத்துவோர் சங்கத்தின் புகாரின் மேல் 2022 ஜனவரியில் வேறொரு விசாரணைக்கும் உத்தரவாயிற்று.

ஆனால் இவையெல்லாம் பட்டியலில் மேலா கீழா என்ற வழக்குகள். இப்போது பட்டியலுக்கே ஆபத்து வந்திருக்கிறது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும், செயற்கை அறிவு எழுதும் சுருக்க விடைகள் பட்டியலின் தலையில் இடம் பெற்றன. பலர் உழைத்து எழுதியதன் சாரம் அங்கேயே கிடைக்கிறது. பியூ ஆராய்ச்சி நிலையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர் தேடலை ஆராய்ந்தது. சுருக்க விடை இல்லாத இடத்தில் 100-க்கு 15 தடவை பட்டியலிலுள்ள தளத்துக்குச் சென்றவர்கள், விடை உள்ள இடத்தில் 8 தடவையே சென்றனர். விடைக்குள்ளிருக்கும் ஆதாரச் சுட்டியைத் தொட்டதோ 100-க்கு 1 தடவைதான். சுருக்க விடையில் சேர மறுத்த தளக்காரர், பட்டியலில் தம் பக்கத்தின் கீழ் வரும் விவர வரிகளையும் இழக்க நேர்ந்தது. இதைச் சம்மதம் என்று கூறுவது சம்மதம் என்ற சொல்லுக்கே இழுக்கு.

“வாசகருக்குச் சௌகரியம்தானே? தளக்காரருக்கு வாசகர் மீது உரிமைச் சாசனமா இருக்கிறது?” என்று கேட்போர் உளர். சாசனம் இல்லைதான். தேடலிலிருந்து தளங்களுக்குச் செல்வோரின் மொத்தத் தொகை அதிகம் மாறவில்லை என்று கம்பெனி 2025 ஆகஸ்டில் கூறியது. ஆனால் எந்தத் தளத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை வெளியிடவில்லை. நகரசபைக் கூட்டத்தில் இரவு வரை உட்கார்ந்து குறிப்பெடுத்தவனும், வயலில் இறங்கிப் பயிர் நோயைப் படம் பிடித்தவனும் ஜீவிக்க வழியின்றி எழுத்தை நிறுத்திவிட்டால், சுருக்கி எழுதும் யந்திரம் எதைச் சுருக்கும்? ஊற்று வற்றிய பின் வாய்க்காலை அகலப்படுத்திப் பயன் என்ன?

இது ஏகபோகமே என்பது இனி வெறும் அபிப்பிராயமன்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா அவ்வாறே தீர்ப்பளித்தார். கருவிகளில் தன் தேடலே முதலில் தோன்றும்படி செய்துகொள்ள இக்கம்பெனி 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அவ்வழக்கில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் அவர் குரோம் உலாவியை விற்கும்படி உத்தரவிட மறுத்தார். எனினும் தேடல் விவரங்களிற் சிலவற்றைப் போட்டியாளருக்குத் தரவேண்டும் என்றார்.

நம் சட்டசபைகள் செய்யவேண்டுவன மூன்று: பட்டியலில் இருப்பதற்கும் சுருக்க விடைக்குச் சரக்குத் தருவதற்கும் தனித்தனிச் சம்மதம், பெரிய மாற்றங்களுக்கு முன்னறிவிப்பு, பாதிக்கப்பட்டவர் காரணம் கேட்க ஒரு மன்றம். இவற்றைக் கோரிக் கிளர்ச்சி செய்வது தேச ஊழியர்களின் கடமை.

ஆயினும் சட்டத்தை மட்டும் நம்பியிருப்பதை நாம் ஒப்பவில்லை. தளம் நடத்துவோர் தம் வாசகரின் ஜாபிதாவைத் தம் கையிலேயே வைத்திருக்கட்டும். சந்தாவாலும் கடிதங்களாலும் அவர்களோடு நேரே உறவு கொள்ளட்டும். ஒரு நல்ல தளம் மற்றொரு நல்ல தளத்தைச் சுட்டிக் காட்டட்டும். வாசகர்களும் தாம் மதிக்கும் தளத்தின் முகவரியை மனத்தில் நிறுத்தி நேரே அங்கு செல்லட்டும். எல்லையில் நிற்பவன் தயவின்றி நம் வீதிக்கு நாமே வழி தெரிந்து நடப்போமாக. அறிவுத் துறையில் சுயராஜ்யம் என்பதன் முதற்படி அதுவே.