அடிநாதத்தின் கதகதப்பு எங்கே இருக்கிறது?

கைப்பேசியில் பாட்டு கேட்கும்போது அதன் பேஸும் நமக்குக் கேட்கிறது. ஆனால் விரல்நக அளவுள்ள அந்த ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை உருப்படியாக எழுப்ப முடியாது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியோ வெறும் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அப்படியானால் நாம் கேட்டது எது?

இசைக்கருவிகளின் சுரம் பெரும்பாலும் தனியே வருவதில்லை. 55 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் ஒலித்தால் 110, 165, 220, 275 என்று அதன் மடங்குகளும் மேற்சுரங்களாகச் சேர்ந்து ஒலிக்கும். அடிச்சுரத்தை அடியோடு நீக்கிவிட்டாலும், மேற்சுரங்களுக்கு இடையே உள்ள சீரான 55 இடைவெளியிலிருந்து மூளை அந்த அடிச்சுரத்தை உணர்ந்துகொள்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் ஸேபெக் 1841-இல் சைரன் கருவியைக் கொண்டு இதைக் கவனித்தார். நெதர்லாந்தின் ஸ்கௌட்டன் 1940 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

மின்னணு இசைக் கலைஞர்கள் தேடி அலையும் 'வார்ம் பேஸ்' ரகசியத்தில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. பேஸின் கதகதப்பைத் தீர்மானிப்பவை அதன் மேல் நிற்கும் மேற்சுரங்கள்தான். அவற்றில் எதை ஒலிக்க விடுகிறோம், எதை அடக்குகிறோம், எதை அசைய விடுகிறோம் என்பதே இந்தக் கலை.

மினிமூக் காட்டிய வழி

இதைப் புரிந்துகொள்ள மினிமூக் என்ற சிந்தசைசரைவிட நல்ல பாடம் இல்லை. ராபர்ட் மூக்கின் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரிலிருந்து 1970-இல் அதை வெளியிட்டது. பார்லியமெண்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்' பாடலில் பெர்னி வொரெல் அதில் வாசித்த பேஸ், 1978-இல் நடன அரங்குகளை அதிரவைத்தது. பேஸ் கிட்டார் செய்துவந்த வேலையை ஒரு சிந்தசைசர் முழுதாக ஏற்க முடியும் என்பதற்கு அந்தப் பாட்டே சான்று.

மினிமூக்கில் மூன்று ஆசிலேட்டர்கள், அதாவது ஒலியலையை உருவாக்கும் மின்சுற்றுகள், உண்டு. அவை எழுப்பும் ரம்பப்பல் வடிவ அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும். அடிச்சுரத்தின் இரண்டாவது மடங்கு பாதி வலிமையில், மூன்றாவது மடங்கு மூன்றில் ஒரு பங்கில் என்று படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். அப்படியே கேட்டால் காதைக் கீறும். நம் செவி மிகக் கூர்மையாக உணரும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலும் ஏராளமான மேற்சுரங்கள் நெருங்கி நிற்பதே காரணம்.

மூக் வடிவமைத்த ஏணி ஃபில்ட்டர் அவற்றை அடக்குகிறது. டிரான்சிஸ்டர் இணைகளை ஏணிப்படிகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மின்சுற்று அது. குறித்த எல்லைக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் வீதம் ஒலியைக் குறைக்கும். அதாவது, அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் அலையின் வீச்சு ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகிவிடும். முதல் ஐந்தாறு மேற்சுரங்கள் தப்பிக்கின்றன, உறுத்துபவை மறைகின்றன.

அந்த ஃபில்ட்டருக்குள் செல்லும் சமிக்ஞை, அதைத் திணறவைக்கும் அளவுக்கு வலுவானது. திணறும் டிரான்சிஸ்டர் அலையின் முகட்டைச் சட்டென்று வெட்டுவதில்லை, மெல்ல மழுக்குகிறது. அப்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஏணியின் அடுத்தடுத்த படிகள் அவற்றின் முனைகளையும் வழவழப்பாக்கிவிடுகின்றன. சாச்சுரேஷன் எனப்படுவது இதுதான்.

ஐந்து சென்ட் விலகல்

பழைய ஆசிலேட்டர்கள் வெப்பநிலைக்கு ஏற்பச் சுருதி நழுவும். மேடையில் வாசித்தவர்களுக்கு அது தலைவலி. ஆனால் ஒலிக்கு உயிர் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இரண்டு ஆசிலேட்டர்களை 5 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் 20-இல் ஒரு பங்கு, விலக்கி வையுங்கள். 55 ஹெர்ட்ஸில் இந்த வேறுபாடு 0.16 ஹெர்ட்ஸ்தான். எனவே அடிச்சுரம் ஆறு வினாடிக்கு ஒருமுறைதான் விம்மித் தணியும். எட்டாவது மடங்கான 440 ஹெர்ட்ஸிலோ வினாடிக்கு ஒருமுறைக்கும் மேலாக விம்மல் எழும். அடி ஏறக்குறைய நிலையாக நிற்க, மேலே எல்லாம் மெல்ல அசைகிறது. விலகலைக் கூட்டினால் அடிச்சுரமே வேகமாக வந்து வந்து போய்விடும், பேஸ் பலமிழக்கும்.

உங்கள் கணினியில்

இதற்கு விலையுயர்ந்த பழங்கருவி தேவையில்லை. ஃபின்லாந்தின் அந்தி ஹுவோவிலைனென் 2004-இல், ஏணி ஃபில்ட்டரின் அந்தத் திணறலையும் சேர்த்துக் கணினியில் கணக்கிடும் முறையை வெளியிட்டார். இன்று சர்ஜ் போன்ற இலவச மென்பொருளிலும் நல்ல வார்ம் பேஸ் அமைக்கலாம்.

இரண்டு ரம்பப்பல் அலைகளை 5 சென்ட் விலக்கி, அவற்றின் அடியில் விலகலும் மேற்சுரமும் இல்லாத ஒரு சைன் அலையை வையுங்கள். 24 டெசிபல் ஃபில்ட்டரின் எல்லையை 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் நிறுத்துங்கள். எல்லையை ஒட்டிய ஒலியைத் தூக்கிக்காட்டும் ரெசொனன்ஸைக் குறைவாகவே வையுங்கள்; ஏணி ஃபில்ட்டரில் அது ஏறினால் அடிநாதம் மெலியும். சுரம் தொடங்கும்போது ஃபில்ட்டர் சற்றே திறந்து, கால் வினாடிக்குள் மூடட்டும். மீட்டிய தந்தியிலும் உயர்ந்த மேற்சுரங்களே முதலில் அடங்குகின்றன. அதனால் இந்த அசைவு காதுக்கு இயல்பாகப் படும். கடைசியாக, கொஞ்சம் சாச்சுரேஷன்.

சரிபார்க்கும்போது அறையை முழுதாக நம்பக் கூடாது. 49 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 7 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.5 மீட்டர் உள்ள அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரம் ஏறக்குறைய காணாமல் போகும்; சுவரோரம் போனால் இரைந்து கேட்கும். எனவே ஹெட்ஃபோனிலும் கைப்பேசியிலும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

பேஸ் மெலிந்து தோன்றினால் உடனே அடிச்சுரத்தின் அளவை ஏற்றத்தான் கை போகும். அப்படிச் செய்தால் ஸ்பீக்கர் திணறும், மற்ற வாத்தியங்கள் அமுங்கும், கைப்பேசியில் கேட்பவருக்கோ எந்த மாற்றமும் தெரியாது. அதற்குப் பதிலாக, 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மேற்சுரங்களைக் கொஞ்சம் வலுப்படுத்திக் கேளுங்கள். அந்தக் கைப்பேசியிலும் பேஸ் நிறைந்து ஒலிக்கும்.