ஆள் இல்லாத நாற்காலிக்கு காற்று எதற்கு?

ஏற்காடு மலையில் கொட்டச்சேடு போன்ற காப்பித் தோட்ட ஊர்க்காரர்கள் 2012-ஐ மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு சென்னை நீங்கலாக தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் கட்!

கரண்ட் வந்தது; அருமை மறந்து போச்சு. பல அரசு அலுவலகங்களில் பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப் லைட் எரிகிறது. சாப்பாட்டு நேரத்தில் காலி நாற்காலிக்கு மின்விசிறி சுழல்கிறது.

போறப்ப சுவிட்சை அணைச்சா என்ன குறைஞ்சு போகும்?

கணக்கைப் பாருங்கள். பழைய விசிறி ஒன்றுக்கு சுமார் 75 வாட். பத்து விசிறி ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் முக்கால் யூனிட் காலி! அதற்கு இதே சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர் அனல் மின் நிலையத்தில் சுமார் அரைக் கிலோ நிலக்கரி எரிய வேண்டும். புது ரக பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் சொச்சம் போதும். பழைய டியூப் லைட் சோக்கோடு 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. குழலுக்கு 20 வாட்தான்.

ஏ.சி. கதை தனி. 2020 ஜனவரி முதல், ஸ்டார் முத்திரை ஏ.சி.க்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசு உத்தரவு. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்கும் அதிகாரியை உத்தரவு என்ன செய்யும்? பில் கட்டுவது அவரில்லை, வரி கட்டும் ஜனங்கள்!

அவ்வளவு குளிர் வேண்டுமென்றால் கொட்டச்சேட்டுக்கு வரட்டுமே. காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் பில் அனுப்புவதில்லை.