மதிய இடைவேளையில் கொஞ்சம் வெயில்

நம் அம்பத்தூரிலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாகச் செல்லும் சி.டி.எச். சாலையில் போய்க்கொண்டே இருந்தால் திருப்பதி வந்துவிடும். நமக்கும் திருப்பதிக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்றுதான்: 13 டிகிரி வடக்கு. அங்கே தோலில் படும் வெயிலுக்கு உள்ள குணம்தான் பூந்தமல்லி வெயிலுக்கும். அதனால், திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்திலிருந்து டாக்டர் சி.வி.ஹரிநாராயண் குழுவினர் நடத்திய வைட்டமின் டி ஆய்வுகளை நம் பகுதிக்காரர்கள் அக்கறையோடு படிக்க வேண்டும். அவற்றின்படி, நாள் முழுக்க வயலில் நிற்கும் விவசாயக் கூலிகளிலேயே பலருக்கு வைட்டமின் டி போதவில்லை. நகரத்துக்காரர்களின் ரத்தத்தில் அது இன்னும் குறைவு. தோலில் இந்தச் சத்து அதிகமாக உருவாகும் நேரம் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை ஏற்பது சிரமம். காரணம் எளிமையானது. சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர், தோலின் மேலடுக்கில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளில் பட்டால்தான் வைட்டமின் டி பிறக்கும். சூரியன் சாய்ந்திருக்கும்போது அந்தக் கதிரின் பெரும்பகுதியை ஓசோன் படலம் வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. காலை ஆறரை மணி நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. வைட்டமின் டி கணக்கில் அது சேராது. கடிகாரத்தைவிட நல்ல அளவுகோல் நம் நிழல். அது நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் தோலில் வேலை நடக்கிறது. இங்கே மே மாதத்தில் ஒன்பதரை மணிக்கே நிழல் அப்படிக் குறுகிவிடும். டிசம்பரில் பத்தேகாலைத் தாண்ட வேண்டும்.

இந்த நேரங்களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் யார் வெளியே இருக்கிறார்கள்? ஜெனரல் ஷிஃப்டுக்குக் கேட்டைத் தாண்டிப் போன தையல்காரப் பெண்கள், செக்கர்கள், ஹெல்பர்கள் எல்லோரும் ட்யூப் லைட்டின் கீழே இருக்கிறார்கள். ஓ.டி. முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். பக்கத்து ஐ.டி. கட்டடங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்கு வெயில் கிடைப்பதாக நினைக்கலாம். சாதாரணக் கண்ணாடியே புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். தோலைக் கருக்கச் செய்து முதுமையைச் சீக்கிரம் கொண்டுவரும் புற ஊதா-ஏ கதிரில் பெரும்பங்கை உள்ளே விடும். கெடுதல் மட்டும் வந்து சேர்கிறது.

வைட்டமின் டி என்றால் எலும்பு என்றே நமக்குப் பழகிவிட்டது. அதை உருவாக்கும் தோலுக்கும் அது தேவை. புதிதாகப் பிறக்கும் தோல் செல்கள் ஒழுங்காக முதிர்ந்து மேலே வருவதற்கும், கிருமிகளைக் கொல்லும் கேத்தலிசிடின் என்ற புரதத்தைத் தோல் சுரப்பதற்கும் இதன் கை இருக்கிறது. 1985-ல் ஜப்பானில், எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்குச் சொரியாசிஸ் மறைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்று சொரியாசிஸுக்கு எழுதித் தரப்படும் கால்சிபோட்ரியால் களிம்பு. வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் அதே புற ஊதா-பி வகையிலுள்ள 311 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சிச் சிகிச்சை தருகிறார்கள். அதற்காக, வைட்டமின் டி மாத்திரை போட்டால் தோல் மினுமினுக்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

நம் தோலின் கருமை நமக்கான காவல். மெலனின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்வதால் தோல் புற்றுநோய் நம்மிடம் வெள்ளையர்களைவிட மிகக் குறைவு. அதே மெலனின் வைட்டமின் டி உருவாவதையும் தாமதப்படுத்துகிறது. வெளுத்த தோலுக்குப் போதுமான நேரத்தைப்போல் சில மடங்கு நமக்கு வேண்டும். ஆனால், "வெயில்ல நிக்காதடி, கருத்துடுவே" என்ற பேச்சு நம் பெண்களைக் கையுறைக்கும் துப்பட்டா முகமூடிக்கும் உள்ளே அடைத்துவிட்டது. சிலர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் தடவினால் முகத்தோல் மெலிந்து, பருவும் முடியும் வந்து, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதியைக் கடைக்காரர் மதிக்காவிட்டாலும் நாம் மதிக்கலாம்.

வாரத்தில் நாலைந்து நாள், இருபது முப்பது நிமிடம், முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் வெயில் படட்டும். முகத்தை மறைத்துக்கொள்ளலாம், மங்கு உள்ளவர்கள் கட்டாயம் மறைக்க வேண்டும். தோல் எரியும் முன்பே நிழலுக்கு வந்துவிடுங்கள். கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதைத் தவிர்த்து ஒன்பதரை மணி வெயிலே போதும். லூபஸ் நோய் உள்ளவர்களும் வெயில் பட்டால் தடிப்பு வருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள் கரு, கூட்டல் குறியோடு எஃப் முத்திரை போட்ட செறிவூட்டிய பால் ஆகியவை கொஞ்சம் கைகொடுக்கும்.

60,000 யூனிட் வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டைத் தாங்களாகவே வாங்கி வாராவாரம் குடிப்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் ஒருநாள் தேவை 600 யூனிட். வெயிலால் வைட்டமின் டி மிகையாகாது. மிகுதியைத் தோலே சிதைத்துவிடும். பாக்கெட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

மருந்துக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளை வருவது தோலுக்கு உகந்த அதே நேரத்தில். தொழிற்பேட்டை நிர்வாகங்கள் அந்த இடைவேளையில் கால் மணி நேரம் கூட்டிக் கொடுக்கட்டும். கேட்டுக்குள்ளேயே ஒரு திறந்தவெளியும் குடிநீரும் இருக்கட்டும். அயப்பாக்கத்திலும் திருமுல்லைவாயலிலும் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கும் குடியிருப்புச் சங்கங்கள் பகலில் அந்தச் சாவியைப் பெண்களிடமும் முதியவர்களிடமும் கொடுக்கட்டும்.