காசின் பிறந்த ஊர் எது?

மாணவர்களே! 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது டச்சுக் கம்பெனி. அதன் செப்புக்காசு ஒன்று மண்ணில் அகப்பட்டால் எப்படி அடையாளம் காண்பீர்கள்?

ஒரு பக்கத்தில் பெரிய ‘வி’ எழுத்தும், அதன் இரு கைகளின் மேல் ‘ஓ’, ‘சி’ எழுத்துகளும் கம்பெனியின் முத்திரை. கீழே ஆண்டு. மறுபக்கச் சின்னம் அச்சிட்ட மாகாணத்தைக் கூறும்: அலைகளிலிருந்து எழும் சிங்கம் ஜீலாந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிங்கங்கள் மேற்கு பிரீஸ்லாந்து.

உலோகத்தையும் சோதிக்கலாம். பௌதிகத் தராசில் காசின் எடையை, அது நீரில் இழக்கும் எடையால் வகுங்கள். ஏறத்தாழ 8.9 வந்தால் செம்பு எனலாம். 3 கிராம் காசு 0.34 கிராமே இழக்கும். ஆகவே கவனம் தேவை.

புளியிட்டுத் தேய்க்காதீர்கள், தேய்ந்த சின்னம் ஊரைச் சொல்லாது. புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும்.