மூன்றாவது கம்பி எங்கே போகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் போனால் கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் தாண்டி அயர்னிங் பகுதி வரும். அங்கே மேசைக்கு மேலே ஒரு தண்ணீர்ப் பாட்டில் தொங்கும். அதிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர், அயர்ன் பாக்ஸின் சூட்டில் நீராவியாகி டீ-ஷர்ட்டின் சுருக்கத்தைப் போக்கும். மின்சாரம், தண்ணீர், உலோகம், மனிதக் கை நான்கும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன! இந்த இடத்தில் நம்மைக் காக்க வேண்டியது பச்சை நிற எர்த் கம்பி.

மூன்று பின் பிளக்கைக் கவனித்திருக்கிறீர்களா? தனியாக நிற்கும் ஒரு பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் கூட. அதுதான் எர்த் பின். செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியாக விடும். மின்சாரம் இருக்கும் நேரம் முழுவதும் பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு.

சரி, எதிலிருந்து பாதுகாப்பு? அயர்ன் பாக்ஸின் ஹீட்டருக்குள் நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். இந்தத் தூள் சூட்டை வெளியே விடும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் இதற்கு உண்டு. பல நாள் ஓடாமல் கிடந்த ஹீட்டரில் ஈரம் ஏறினால், மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக உலோக உடலுக்குக் கசியும். ஒயரின் ரப்பர் தேய்ந்து கம்பி உடலில் பட்டாலோ, முழு 230 வோல்ட்டும் அங்கே வந்து நிற்கும்.

மின்சாரம் எப்போதும் தான் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பப் பார்க்கும். அதற்கான வழி நியூட்ரல் கம்பி. அந்த நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மர் அருகே மண்ணிலும் புதைத்து இணைத்திருக்கிறார்கள். ஆகவே, மண்ணும் மின்சாரத்துக்கு ஒரு திரும்பும் வழிதான். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் பெட்டியைத் தொட்டால், அவர் உடலே பாதையாகிவிடும்.

கணக்குப் போடுவோம். நனைந்த உடலின் மின்தடை சுமார் 1000 ஓம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும்.

இப்போது எர்த் கம்பியைச் சேர்ப்போம். அது பெட்டியின் உலோக உடலிலிருந்து கம்பெனிக்கு வெளியே இருக்கும் எர்த் குழிக்குப் போகிறது. அந்தப் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்! ஃபியூஸ் உடனே உருகி, மின்சாரம் நின்றுவிடும்.

ஆனால், குழி காய்ந்திருந்தால்? உலர்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மண்ணிலுள்ள நீரில் கரைந்த உப்புகள்தான் கடத்துகின்றன. அதனால்தான் குழியில் கரியும் உப்பும் போட்டுக் குழாயை நடுகிறார்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு கடத்தும் திறனைக் கூட்டும். திருப்பூரோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கோடையில் குழி வறண்டு, தடை 100 ஓம் ஆனால் 2.3 ஆம்பியர்தான் ஓடும். அயர்ன் பாக்ஸே 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், ஃபியூஸுக்கு இது உறைக்காது. பெட்டியின் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும். ஆகவே, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது உயிர் காக்கும் வேலை.

இன்னொரு காவலும் உண்டு: ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். வெளி வேலைக்குப் போன பீஸும் திரும்பி வந்த பீஸும் சரியா என்று கம்பெனியில் எண்ணிப் பார்ப்பதைப் போல, லைனில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் நொடிக்கும் குறைவான நேரத்தில் டிரிப் ஆகிவிடும். அதிலுள்ள 'டி' பொத்தானைப் பெரியவர்கள் அவ்வப்போது அழுத்திச் சோதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவதை யார் செய்தாலும், கூடாது என்று சொல்லுங்கள். "தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது, அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். எங்கோ மின்சாரம் கசிகிறது, எர்த்தும் சரியாக இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். மெயினை அணைக்கச் சொல்லி, எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தப் பொருளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.