நெஞ்சு படபடக்குதா? நீங்க சாப்பிடும் மாத்திரையும் காரணமாக இருக்கலாம்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காரும் ஒருவருக்கு திடீரென கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "எல்லாம் கடன் கவலைதான்" என்பார்கள் வீட்டில். பத்து நாளைக்கு முன்னால் வீசிங்குக்கு மாத்திரை ஆரம்பித்தது யாருக்கும் நினைவுக்கு வராது.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தே பதற்றத்தை உண்டாக்குமா? உண்டாக்கும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு.

எந்த மருந்துகள்?

வீசிங்குக்குத் தரும் சால்பூட்டமால் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். கூடவே இதயத்தையும் தசைகளையும் தூண்டிவிடும். நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையிலோ மில்லிகிராம் கணக்கு. அதனால் மாத்திரையிலும் சிரப்பிலும்தான் இந்தத் தொல்லை அதிகம். "இன்ஹேலர் பழகிடும்" என்று பயந்து மாத்திரை கேட்டு வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். இழை பிடிக்கும் கை நடுங்கினால் நெசவாளிக்கு அது பிழைப்புப் பிரச்னை.

அலர்ஜி, சளி என்று போனால் சர்வசாதாரணமாக எழுதப்படும் மான்டெலுகாஸ்ட் மாத்திரைக்கு, 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பதற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்பதே அது. குழந்தைகள் திடீரென எரிந்து விழுந்தாலும் கவனியுங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் கீமோ எடுப்பவர்களுக்கு, வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் தருவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அன்று இரவு தூக்கம் கெட்டு மனசு அலைபாய்ந்தால், காரணம் நோய் பயம் மட்டுமல்ல. 1972-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், தினம் 40 மில்லிகிராம் வரை பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வந்தது. 80-க்கு மேல் போனவர்களில் அது 18.4 சதவீதம். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

தைராய்டு மாத்திரை அளவு கூடிப்போனாலும் இதே படபடப்புதான். மனஅழுத்த மாத்திரைகளில் சிலவும் முதல் ஓரிரு வாரம் பதற்றத்தைக் கூட்டிவிட்டே குறைக்கும்.

பெரிய சிக்கல் இதற்கப்புறம்தான். பழைய மாத்திரையைச் சொல்லாமல், படபடப்புக்கு மட்டும் தனியாக வைத்தியம் பார்த்தால் கையில் அல்பிரசோலம் வந்து சேரும். பழகிவிட்டு திடீரென நிறுத்தினால் பதற்றம் இன்னும் மோசமாகத் திரும்பும். வலிப்புகூட வரலாம்.

அப்போ நிறுத்திடலாமா?

கூடாது. பல வாரம் எடுத்த ஸ்டீராய்டை சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை ஆரம்பித்த தேதி, படபடப்பு தொடங்கிய தேதி இரண்டையும் ஒரு சீட்டில் எழுதுங்க. மெடிக்கலில் நீங்களாக வாங்கியது உட்பட எல்லா அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்க. அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ அவர் முடிவு. நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போயிடுங்க. விபரீத எண்ணம் வந்தால் 14416 டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பக்கவிளைவை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது: 1800-180-3024, கட்டணமில்லா எண்.