இழுத்த கையும் எடுத்த படமும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மாரத்தான் ஓட்டம் உலகப் பிரசித்தம். தூரம் எவ்வளவு தெரியுமா? 42 கிலோ மீட்டருக்கும் மேல்! 1967 ஏப்ரல் 19 அன்று அங்கே எடுத்த ஒரு புகைப்படத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓர் இளம்பெண் ஓடுகிறாள். கோட் அணிந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுக்கிறார்.

பெண்ணின் பெயர் காத்ரின் ஸ்விட்சர். வயது 20. கல்லூரி மாணவி. இழுத்தவர் பந்தய நிர்வாகி ஜாக் செம்பிள். அப்படி என்ன தப்புச் செய்துவிட்டார் காத்ரின்? பெண்ணாகப் பிறந்ததுதான் தப்பு!

கர்ப்பப்பை இறங்கிவிடுமாம்!

பெண்கள் அதிக தூரம் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், மீசை முளைக்கும் என்றெல்லாம் படித்தவர்களே நம்பிய காலம் அது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். முடிவில் சிலர் களைத்து விழ, பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. அவ்வளவுதான்! 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை. ஆண்கள் களைத்து விழுந்தால் மட்டும் அது வீரமாம்!

காத்ரினுக்குப் பயிற்சி தந்த ஆர்னி பிரிக்ஸ் அவருடைய பல்கலைக்கழகத்துத் தபால்காரர். பாஸ்டனில் பலமுறை ஓடியவர். அவரும் முதலில், "பெண்ணால் அவ்வளவு தூரம் முடியாதம்மா" என்கிற கட்சிதான். பயிற்சியில் காத்ரின் 31 மைல் ஓடிக் காட்டிய பிறகே சம்மதித்தார். விண்ணப்பத்தில் 'கே.வி. ஸ்விட்சர்' என்று கையெழுத்திட, எண்ணும் கிடைத்தது.

பந்தயத்தன்று பத்திரிகைக்காரர்களின் வண்டி பக்கத்திலேயே போயிற்று. படமெடுத்தவர்களில் ஹாரி டிராஸ்க் என்பவர் 1957-லேயே புலிட்சர் பரிசு வாங்கியவர். செம்பிள் இழுத்ததும், காத்ரினின் நண்பர் அவரை இடித்துத் தள்ளியதும் சில விநாடிகளில் முடிந்தன. ஆனால் படம் நின்றுவிட்டது. 'பெண்ணின் நன்மைக்காகத்தான் தடுக்கிறோம்' என்ற பேச்சுக்குப் பின்னால் இருந்த கையை ஊரே பார்த்துவிட்டதே!

'நான் நின்றால் பெண்களால் முடியாது என்பார்கள்' என்று நினைத்த காத்ரின் நிற்கவில்லை. ஏறக்குறைய 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

படத்தில் இல்லாதவர்

அதே பந்தயத்தில் பாபி கிப் என்ற பெண்ணும் ஓடினார். முந்தைய வருஷம் புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து ஓடியவர். 1967-லும் காத்ரினுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டார். அவருக்கு எண்ணும் இல்லை, யாரும் இழுக்கவும் இல்லை. அதனால் அப்படி ஒரு படமும் இல்லை. படம் சொல்வது உண்மைதான். ஆனால் முழு உண்மையும் ஒரே படத்தில் அடங்காது.

1972-ல் பாஸ்டன் ஓட்டத்தில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். 1973-ல் அதே செம்பிள் காத்ரினுக்கு முத்தமிட்டு வாழ்த்த, அதுவும் படமாயிற்று! 1984-ல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் மாரத்தான் வந்தது. 2017-ல், 70 வயதில், அதே 261-ஐக் குத்திக்கொண்டு காத்ரின் மறுபடி பாஸ்டனில் ஓடி முடித்தார்.

"ஓடாதேடி, உடம்புக்கு ஆகாது" என்று நம் வீட்டுப் பெண்ணிடம் சொல்ல வாயெடுக்கிறோமா? அது டாக்டர் சொன்னதா, அக்கம்பக்கம் சொன்னதா என்று முதலில் யோசிப்போமே!